சமூகத்தின் கையெழுத்து

வகுப்பில் அறுபத்தொரு பேர். ஐந்தைந்தாகப் பிரித்தால் பன்னிரண்டு குழு போக ஒருத்தி மீதி.

அந்த மீதிக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் இரண்டாம் ஆண்டின் நடுவில் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவள் என்பதால், வருகைப் பதிவேட்டின் கடைசியில் அவளைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். மற்ற அறுபது பேரும் அச்சில் இருந்தார்கள். பேனா எழுத்தை வாசிக்க எந்தப் பேராசிரியருக்கும் பொறுமை இல்லை. அறுபது முடிந்ததும் "அப்புறம் அந்த மீதி?" என்பார்கள். அவள் "உள்ளேன்" என்பாள். ஒரு வருடத்தில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. விடுதியில் யாருக்காவது வாளி வேண்டுமென்றால், "மீதி ரூம்ல கேளு, அவ தனியாத்தானே இருக்கா" என்று ஆள் வரும். வாளியை வாங்கிக்கொண்டு போய்விடும்.

அது ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரி. கடைசிப் பருவத்தில் 'தேடல்' முடித்தால்தான் தேர்ச்சி. அதன் முழுப் பெயர் 'கல்வி, படைப்பாற்றல், சமூக ஈடுபாடு: ஒரு தேடல்'. மாணவர்கள் குழுவாக ஒரு பள்ளிக்குப் போய், குழந்தைகளின் படைப்பாற்றலைத் தேடிக் கண்டுபிடித்து, சமூகத்தை ஈடுபடுத்தி, அதற்குச் சான்றாகச் சமூகத்திடம் கையொப்பம் வாங்கி வர வேண்டும். எட்டு ஆண்டுகளாக நடக்கும் திட்டம். இதுவரை தேடிப் போன எந்தக் குழுவும் கண்டுபிடிக்காமல் திரும்பியதில்லை.

மீதி திட்ட இயக்குநரின் அறைக்குப் போனாள்.

"சார், ஏதாவது ஒரு குழுவுல நான் ஆறாவது ஆளா சேர்ந்துக்கட்டுமா?"

இயக்குநர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "பாரும்மா. அஞ்சு வரிதான் இருக்கு. ஆறாவது ஆளை எங்க எழுதுறது, ஓரத்துலயா?"

"அப்போ நான் மட்டும்னா..."

"நீ மட்டும்னா நாலு வரி காலி. காலி வரியைப் பத்தி விதியில ஒண்ணும் சொல்லல. மீதின்னு ஒரு சொல்லே நம்ம திட்டத்துல கிடையாது. நீ பதின்மூணாம் குழு. கூடி வேலை செய்யணும், புரியுதா?"

"யாரோட சார்?"

"குழுவோட."

இந்தத் தேர்ச்சி அவளுக்கு வெறும் மதிப்பெண் அல்ல. அக்காவின் ஊரில், அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளியில், அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேர்ச்சிச் சான்றோடு குறித்த திங்கட்கிழமை போய் நிற்க வேண்டும். "முன் ரூமைக் காலி பண்ணி வெச்சிருக்கேன்டி. சாயங்காலம் ஆனா பேச ஆள் இருக்கும்" என்று அக்கா போனில் சொன்னாள். தேறாவிட்டால் இன்னொரு வருடம் அதே விடுதி அறை, அதே வாளி.

ஒவ்வொரு குழுவிலும் ஒரு தலைவர், செயலாளர், ஆவணப் பொறுப்பாளர், நேரக் காப்பாளர், மாற்றுக் கருத்தாளர் இருக்க வேண்டும். வாரந்தோறும் கூடி, நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதித் தர வேண்டும். மீதி தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து முதல் கூட்டத்தை நடத்தினாள். எல்லாரும் வந்திருந்தார்கள். எல்லாத் தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேறின. அலுவலகத்திலிருந்து குறிப்பேடு சிவப்பு மையோடு திரும்பி வந்தது: 'மாற்றுக் கருத்தாளரின் மாற்றுக் கருத்து பதிவாகவில்லை. குழு உணர்வு போதாது.'

அடுத்த வாரம் அவள் எழுதினாள்: 'இந்தக் கூட்டமே தேவையில்லை என்று மாற்றுக் கருத்தாளர் கூறினார். தலைவர் அவரை வன்மையாகக் கண்டித்தார். செயலாளர் இருவரையும் சமாதானப்படுத்தினார்.' அதற்கு 'நல்ல விவாதம்' என்று ஒரு டிக் கிடைத்தது. அதன்பின் மாற்றுக் கருத்தாளருக்கு வாய் நீண்டுகொண்டே போனது. சில நாள் அவள் அன்றைக்கு முழுவதும் கேட்ட ஒரே உருப்படியான பேச்சு அதுவாகத்தான் இருந்தது.

படிவத்தில் 'எதிர்பாராத விளைவுகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைத் திட்டம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே நிரப்பித் தர வேண்டும். எதை எழுதுவது என்று தெரியாமல் வகுப்புத் தலைவியிடம் கேட்டாள்.

"அதுக்கெல்லாம் மண்டையை உடைச்சுக்காதடி. எல்லாரும் ஒண்ணுதான் எழுதுவோம். 'குழுவுக்கும் சமூகத்துக்கும் இடையே எதிர்பாராத நட்பு மலர்ந்தது.' தேதி மட்டும் கரெக்டா போட்டுடு."

கல்லூரிக்கு இணங்கி வந்த பள்ளி ஒன்றே ஒன்றுதான். பதின்மூன்று குழுவும் முறை போட்டுக்கொண்டு அங்கேதான் போயின. மூன்றாம் வகுப்புக்குள் மீதி நுழைந்ததும் முப்பது பிள்ளைகளும் தாமாகவே எழுந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள்.

"அக்கா, கை அச்சா, காகிதப் படகா?" என்று முன்னால் இருந்த பெண் கேட்டாள்.

"நான் இன்னும் யோசிக்கல."

"கை அச்சுன்னா சட்டையை மடிச்சு விடணும். அதான் கேட்டேன்."

பின்னாலிருந்து ஒரு பையன், "அக்கா, ஆச்சரியப்படறது மொதல்லயா, போட்டோ எடுக்கும்போதா?" என்றான்.

சுவரில் ஒரு மரம் வரையப்பட்டிருந்தது. இலைக்குப் பதிலாகக் கை அச்சுகள். எட்டு ஆண்டும் வந்த குழுக்கள் அதே மரத்தின் மேல் அதே மரத்தை வரைந்ததில், சாயம் பட்டை பட்டையாகத் தடித்துச் சுவரைவிட்டு ஒரு விரற்கடை வெளியே வந்திருந்தது. அதன் மேல் சாய்ந்து உட்காரக்கூட முடிந்தது. பிள்ளைகள் சாய்ந்துகொண்டிருந்தார்கள்.

படைப்பாற்றல் பதினொன்று பத்துக்குத் தொடங்கி பதினொன்று ஐம்பதுக்கு முடிந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாகப் போய்க் கை கழுவிக்கொண்டு வாய்ப்பாடு சொல்ல உட்கார்ந்தார்கள். மீதி தலைமை ஆசிரியையிடம் போனாள்.

"மேடம், சமூகத்தைச் சந்திக்கணும்."

"கேட்டுக்குப் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கும், பாரு."

"யாரு மேடம்?"

"சமூகம்தான்."

கேட்டுக்கு உள்ளே, காவலாளி இல்லாத காவல் அறையின் நிழலில், ஒரு நாற்காலி போட்டு மெலிந்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் முதுகில் வெள்ளைச் சாயத்தால் 'சமூகம்' என்று எழுதியிருந்தது. வழியில் போன ஒரு வாண்டு, "சமூகம் தாத்தா, மணி என்ன?" என்றது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்.

அவர் மின்சார மீட்டர் ரீடிங் எடுத்தவர். ஓய்வு பெறும் நாளன்று கடைசியாக ரீடிங் எடுத்த இடம் இந்தப் பள்ளி. அன்று காலைதான் தலைமை ஆசிரியைக்கு, 'சமூகப் பிரதிநிதி ஒருவர் உடனே நியமிக்கப்பட வேண்டும்' என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. எதிரே நின்றவர் அவர். "கொஞ்ச நேரம் உட்காருங்க" என்றார் தலைமை ஆசிரியை. எட்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறார்.

"முப்பத்தொரு வருஷம் இந்த ஏரியாவுல எல்லா வீட்டுக்கும் போயிருக்கேம்மா" என்றார் அவர் மீதியிடம். "வாசல் வரைக்கும். மீட்டர் வாசல்லதானே இருக்கும். யார் வீட்டுல புதுசா ஃபிரிட்ஜ் வந்திருக்கு, யார் வீட்டுல மகன் வெளியூர் போயிட்டான், எல்லாம் தெரியும். யாருக்கும் என்னைத் தெரியாது."

மீதி படிவத்தை நீட்டினாள். அவர் அதைத் தொடவில்லை.

"கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன். நாளைக்கு வாயேன்."

குறிப்பேட்டில் அன்று அவள் இப்படி எழுதினாள்: 'பதின்மூன்றாம் குழு சமூகத்தைச் சந்தித்தது. இரு தரப்பிலும் அனைவரும் தவறாமல் கலந்துகொண்டனர்.' அதற்கு அலுவலகம் இரண்டு டிக் போட்டது.

மறுநாள் கண்ணாடி இருந்தது. அவருடைய பேனா இல்லை. அடுத்தவன் பேனாவில் கை ஓடாது என்றார். அதற்கடுத்த நாள் அமாவாசை என்று சொன்னார். அது அமாவாசை இல்லை. ஒரு நாள் படிவத்தை முழுசாகப் படித்துவிட்டுத்தான் போடுவேன் என்று வாங்கி, நாலு மணிவரை படித்து, ஒரு பக்கம் மீதம் வைத்தார். நடுநடுவே அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். விடுதியில் என்ன சாப்பாடு, அக்காவுக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களில் யார் மீதி மாதிரி இருப்பார்கள்.

"நீ இன்னுமா அவர் பின்னாடி அலையற?" என்று வகுப்புத் தலைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அவர் லேசுல போடமாட்டார்டி. சீனியர்ஸ் சொல்லிக் கொடுத்திருக்காங்க, இங்க பாரு. மேல ஒரு கொக்கி, நடுவுல ரெண்டு அலை, கடைசியில இழுத்து ஒரு கோடு, அதுக்குக் கீழ ரெண்டு புள்ளி. சமூகம் ரெடி. நாங்க பன்னிரண்டு குழுவும் அப்பவே கொடுத்தாச்சு."

"அது அவர் கையெழுத்து இல்லியே."

"அவரோடதுன்னு யாருடி சொன்னா? சமூகத்தோடது."

அன்று கூட்டத்தில், கொக்கி போடுவதே நல்லது என்று நாலு பேர் பேசினார்கள். மாற்றுக் கருத்தாளர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கும்போது கொக்கி போடுவது எப்படி என்றார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

இருபத்திரண்டாம் நாள் அவரே படிவத்தைக் கேட்டு வாங்கினார்.

"மொதல் வருஷம் ஒரு பொண்ணு வந்தாம்மா. கேட்ட கையோட போட்டுக் கொடுத்துட்டேன். தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனவதான், ஆளையே காணோம். அதுக்கப்புறம் யார் வந்தாலும் கொஞ்சம் இழுக்க ஆரம்பிச்சேன். இழுத்தா ரெண்டு நாள் வருவாங்க. அப்புறம் அதுவும் நின்னு போச்சு. எப்படி முடிச்சாங்களோ தெரியல." படிவத்தை முழங்காலில் வைத்து, எழுத்துக் கூட்டி, தெளிவாகத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டார். "போதும், உன்னை இழுத்தடிக்கக் கூடாது."

மீதி கல்லூரிக்கு ஓடினாள். அலுவலகத்தில் கிளார்க்கம்மா படிவத்தை வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளி, பழைய கோப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தார்.

"இது செல்லாது."

"ஏன் மேடம்?"

"கோப்புல நூத்தியெட்டு கையெழுத்து இருக்கு. நூத்தியேழுல கொக்கி, ரெண்டு அலை, கோடு, ரெண்டு புள்ளி. உன்னோடதுல ஒண்ணுமே இல்ல. வெறும் பேரு."

"மேடம், அவரே என் கண்ணு முன்னாடி போட்டது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. மொதல் வருஷம் யாரோ ஒரு பொண்ணு இதே மாதிரி ஒண்ணு கொண்டுவந்து கொடுத்திருக்கா. அதைப் போலின்னு சிவப்புல குறிச்சு வெச்சிருக்கோம், பாரு."

மீதி இயக்குநரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்பது அவருடைய சிறப்புத் துறை. அதில் பட்டமும் வாங்கியிருந்தார்.

"பாரும்மா. தனிமனிதர் ஒருத்தர் மாறலாம். இன்னைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி கையெழுத்து போடலாம். ஆனா சமூகம் மாறக் கூடாது. எட்டு வருஷமா ஒரே மாதிரி போட்டுட்டு இருக்கிற சமூகம், உனக்கு மட்டும் ஏன் வேற மாதிரி போடணும்? நீ அவரை என்ன பண்ணின?"

"பேசிட்டு இருந்தேன் சார்."

"எந்தத் தலைப்புல?"

"தலைப்பெல்லாம் இல்ல சார்."

"அதான்" என்றார் இயக்குநர். "பதினோராம் தேதிக்குள்ள சமூகத்தோட சரியான கையெழுத்து வேணும். இல்லேன்னா அடுத்த வருஷம் மறுபடியும் தேடலாம்."

மீதி கோப்பிலிருந்து ஒரு கையெழுத்தைப் பார்த்து வரைந்துகொண்டு பள்ளிக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் தாளை வாங்கித் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"என்னோடதைவிட அழகா இருக்கே."

"ஐயா, இதெல்லாம் அவங்களே..."

"நூத்தியேழு தடவையா? எனக்காகவா?" அவர் தாளை மடிக்கவில்லை. "நான் யாரும் வரலேன்னு நெனச்சுட்டு இருந்தேன். இவ்வளவு பேர் வந்துட்டுப் போயிருக்காங்க."

பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார். "சரி, சொல்லிக் கொடு. கொக்கி எந்தப் பக்கம்?"

நாலு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதனால் எதிர்ப்புறம் இருந்த அவர் வீட்டு முன்னறையில் பாடம் நடந்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி அந்த வீட்டில் இல்லை. மீதி சன்னல் திட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவர் பழைய ரீடிங் நோட்டின் வெற்றுப் பக்கங்களில் கொக்கி போட்டுப் பழகினார். மறுநாள் போனபோது ஒரு மடக்கு நாற்காலி வந்திருந்தது.

மீட்டர் ரீடிங் எழுதிப் பழகிய கை என்றாலும் கொக்கி வசப்படவில்லை. ஒரு நாள் தலைகீழாக வந்தது. ஒரு நாள் அலை மூன்றாகிவிட்டது. "இது சமூகம் இல்ல ஐயா, கடல்" என்றாள் மீதி. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கிளம்பும்போது வாசலில் நின்று தன் மீட்டரைக் காட்டினார்.

"தினம் குறிச்சு வைப்பேன், பழக்கதோஷம். என் வீட்டு ரீடிங் ரொம்பக் கம்மி. எடுக்க வர்ற பையன் நம்பாம ரெண்டு தடவை பார்ப்பான், பூட்டின வீடோன்னு. இந்த வாரம் நாலு யூனிட் கூட ஏறியிருக்கு. ஃபேன் போட்டதால."

அவளுக்காக மட்டும்தான் ஃபேன் போட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒன்பது நாள் இப்படியே போனது. பத்தாம் தேதி மாலை புள்ளி இரண்டும் கோட்டுக்கு மேலே போய் உட்கார்ந்தன. மீதி சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஐயா, நாளைக்குக் கடைசித் தேதி. நாளான்னைக்கு எனக்கு ரயில், நாலு பத்துக்கு. அக்கா முன் ரூமைத் துடைச்சு வெச்சுட்டுக் காத்துட்டு இருக்கா."

அவர் படிவத்தை இழுத்தார். மாதிரித் தாளைப் பார்க்கவே இல்லை. கொக்கி, இரண்டு அலை, கோடு, இரண்டு புள்ளி. ஒரே இழுப்பு. நூற்றியேழில் ஒன்றும் அவ்வளவு சுத்தமாக இல்லை.

"எப்போ வந்துச்சு ஐயா இது?"

"மொதல் நாளே" என்றார். பேனாவை மூடினார். எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்.

பதினோராம் தேதி காலை கிளார்க்கம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இதான் ஒரிஜினல்" என்றார். இனி வரும் ஆண்டுகளுக்கு ஒப்பிட இதையே மாதிரியாக வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

அன்று பிற்பகல் நிறைவு விழா. முதல் வரிசையில் ஒரு நாற்காலிக்குப் பட்டுத்துணி போர்த்தி, 'சமூகம்' என்று அட்டை வைத்திருந்தார்கள். "அவரைக் கூப்பிட்டீங்களா?" என்று மீதி கேட்டாள்.

"அழைப்பிதழ் தபால்ல அனுப்பினோம்டி, 'சமூகம்'னு பேர் போட்டு" என்றாள் வகுப்புத் தலைவி. "முகவரி போதாதுன்னு திரும்பி வந்துடுச்சு."

இயக்குநர் மேடையேறினார். "எட்டு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடப் பள்ளிக்குப் போனதில்லை. ஏன்? என் வருகை குழந்தைகளின் இயல்பைக் கெடுத்துவிடும். ஆனால் ஒரு நாள்கூட நான் சமூகத்தைப் பார்க்காமல் இருந்ததில்லை. என் அறையில் உட்கார்ந்தாலே சமூகம் தெரியும். சன்னலை மூடி வைத்தாலும் தெரியும். சமூகம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். அதோ!" என்று முதல் வரிசையைக் காட்டினார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நாற்காலியில் சிறப்பு விருந்தினரின் கைப்பை இருந்தது.

சிறந்த குழு ஒற்றுமைக்கான கேடயம் பதின்மூன்றாம் குழுவுக்குக் கிடைத்தது. குழு உறுப்பினர்கள் ஐவரும் மேடைக்கு வரவும் என்று அழைத்தார்கள். மீதி போனாள். புகைப்படக்காரர், "கொஞ்சம் நெருக்கி நில்லுங்க" என்றார்.

மறுநாள் ரயில் நிலையத்தில், பெட்டியின் மேல் உட்கார்ந்து, யாரும் கேட்காத ஒரு குறிப்பை அவள் எழுதினாள். அவர் கொடுத்தனுப்பிய பழைய ரீடிங் நோட்டில் மீந்திருந்த கடைசிப் பக்கம் அது. முந்தைய பக்கத்துக் கொக்கிகள் தாளில் அழுந்தித் தெரிந்தன.

'பதின்மூன்றாம் குழுவின் இறுதிக் கூட்டம். இடம்: இரண்டாம் நடைமேடை. வருகை: அனைவரும். பொருள்: மாலை நாலு மணிக்கு வழக்கமாகப் போகும் இடத்துக்கு இன்றும் போவதா என்பது.

ரயில் நாலு பத்துக்கு என்று நேரக் காப்பாளர் தெரிவித்தார். கையெழுத்து கிடைத்துவிட்டதால் வேலை முடிந்தது என்றார் செயலாளர். ஆவணப் பொறுப்பாளர் அதை வழிமொழிந்தார். அக்கா காத்திருப்பதைத் தலைவர் நினைவூட்டினார். அங்கே மடக்கு நாற்காலி ஒன்று புதிதாக வாங்கப்பட்டிருப்பதை மாற்றுக் கருத்தாளர் சுட்டிக்காட்டினார்.

வாக்கெடுப்பு நடந்தது. ரயில் ஏறுவதென்ற தீர்மானம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் நிறைவேறியது. கூட்டம் மாலை நாலு மணிக்கு முடிவுற்றது. மாற்றுக் கருத்தாளர் உட்பட அனைவரும் ரயில் ஏறினர்.'